யதீமின் பங்கு

1990 ஜூனில் இலங்கையின் கிழக்கில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். கல்முனையும் அந்த நாட்களைக் கண்ட ஊர்தான். சீருடை போட்டுப் போன வாப்பா திரும்பி வராத வீட்டில், பிள்ளையின் படிப்புக்கு யார் பொறுப்பு?

1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ரணவிரு சேவா அதிகார சபையை அமைத்தது. இறந்த, ஊனமுற்ற படையினரதும் பொலிஸாரதும் குடும்ப நலன் அதன் பொறுப்பு.

அந்த உதவி தர்மமா, உரிமையா?

நபியவர்கள் காலத்துப் பத்ர் போரை ஒட்டி அருளப்பட்ட, குர்ஆனின் அன்பால் அத்தியாயத்தின் 41ஆம் வசனம், போரில் கிடைத்த பொருளின் ஐந்திலொரு பாகத்துக்கு உரியவர்களில் யதீம்களையும், அதாவது தந்தையை இழந்த பிள்ளைகளையும், சேர்க்கிறது. கொடுப்பவரின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்காத பங்கு அது. அதே பத்ரில் பிடிபட்டு, மீட்புப் பணம் கட்ட முடியாத மக்கத்துக் கைதிகள் சிலர் மதீனாப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றதாகச் சீறா எனும் நபி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. போரின் கணக்கிலேயே யதீமும் இருந்தார், எழுத்தும் இருந்தது.

குர்ஆன் யதீமைப் பற்றிப் பேசும்போது வாப்பாவின் சீருடையைக் கேட்பதில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் கொல்லப்பட்டவர்களுக்குச் சீருடை இல்லை. அதே உள்நாட்டுப் போரில் இறந்த தமிழ்க் கிராமத்து விவசாயிக்கும் இல்லை. ரணவிரு சட்டம் இவர்களுடைய பிள்ளைகளுக்கானதல்ல. ஆனால் அன்பால் வசனத்தின்படி பார்த்தால், அவர்களின் பாடசாலைச் செலவும் இந்த நாட்டின் போர்க் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.