நான் எழுதிய மகஜர்

ஊரில் எவருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் வாத்தியாரைத்தான் தேடி வருவார்கள். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் குறுக்கு வீதியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை ஓர் அமைப்பு வாடகைக்குக் கேட்டது. கணவன்மாரிடம் அடிபட்டு வெளியேறும் பெண்களும் பிள்ளைகளும் தற்காலிகமாகத் தங்குவதற்காம். இஷாத் தொழுகை முடிந்ததும் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "சேர், நல்ல வசனமாப் போட்டு ஒரு மகஜர் எழுதித் தாங்க" என்றார்கள்.

எழுதினேன். இது குடியிருப்புப் பகுதி, இத்தகைய நிலையங்களுக்குரிய இடமல்ல. கணவன்மார் தேடி வந்து கலகம் செய்வர். வளரும் பிள்ளைகளின் மனம் கெடும். ஊரின் நற்பெயருக்குப் பங்கம் வரும். நான்கு காரணங்கள், அறுபது கையொப்பங்கள். முதலாவது கையொப்பம் என்னுடையது. வீடு கொடுபடவில்லை.

அந்த நான்கு காரணங்களையும் இப்போது ஒரு மாணவனின் கட்டுரையைத் திருத்துவதுபோலத் திருத்திப் பார்க்கிறேன்.

கணவன்மார் வந்து கலகம் செய்வர் என்றோம். அப்படியானால் கலகக்காரன் யாரென்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் வரவேண்டாமென்று நாங்கள் சொன்னது அவனுக்கல்ல, அவளுக்கு. இன்னுமொன்று. இத்தகைய வீடுகளுக்கு மதிலைவிடப் பெரிய பாதுகாப்பு முகவரி வெளியே தெரியாதிருப்பதுதான். மகஜரில் வீட்டிலக்கத்தைக் குறிப்பிட்டு ஊர் முழுக்கக் கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். எந்த ஆபத்தைக் காட்டி எதிர்த்தோமோ, அதற்கு வழிகாட்டும் வேலையையும் நாங்களே செய்தோம்.

குடியிருப்புப் பகுதி என்ற காரணம் சற்றுக் கனமானது. லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971இல் எரின் பிஸ்ஸி என்பவர் இத்தகைய புகலிடமொன்றைத் தொடங்கினார். பின்னர் அவர் நடத்திய ஒரு வீட்டில் 36 பேருக்கு மேல் தங்கலாகாது என உள்ளூராட்சி சபை வரையறுத்தது. சோதனையிட்டபோது 75 பேர் இருந்தார்கள். வாசலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவரது கொள்கை. எல்லோரும் ஒரே குடித்தனமாக வாழ்கிறார்கள் என்று வாதாடப்பட்டது. 1977இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்கவில்லை.

அத்தீர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. நெருக்கியடித்த வீட்டில் தீப்பிடித்தால் மடிபவர்கள் அப்பெண்களும் பிள்ளைகளுமே. எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை மலசலகூடங்கள் உண்டு என்று கேட்பது அயலவரின் உரிமை. அக்கேள்விகளுக்கு விடையும் காணலாம். எங்கள் மகஜரில் அவற்றில் ஒன்றேனும் இருக்கவில்லை. எப்படிப்பட்ட பெண்கள் வருவார்களோ என்பதே எங்கள் கேள்வி. ஒரு கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று விதி கேட்கலாம். உள்ளே இருப்பவளின் ஒழுக்கத்தை நிறுத்துப் பார்க்க அது தராசல்ல. எங்கள் வெறுப்புக்கு விதியின் பாஷையை இரவல் வாங்கிக் கொடுத்தவன் நான்.

எஞ்சியவை பிள்ளைகளின் மனமும் ஊரின் பெயரும். தொகைமதிப்புத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இந்நாட்டில் மணவாழ்வோ துணையோ கண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் அத்துணையாலேயே உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர். இக்கணக்கு எங்கள் வீதியைத் தொடாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஏனெனில், ஓரிரவு அடுத்த வளவிலிருந்து அழுகுரல் கேட்டபோது றேடியோவின் சத்தத்தைக் கூட்டியவன் நான். எங்கள் கிழக்கில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து ஓடவேண்டியவளும் அவளேதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிப்பவன் அவ்வீட்டில் நுழையாது நீதவான் தடுக்கலாம். கட்டளை கைக்கு வரும்வரையான இரவுகளை அவள் எங்கே கழிப்பது?

கணவனைப் பற்றி முறையிட வந்த ஒரு பெண்ணின் குரல் வானத்தில் கேட்கப்பட்டதைச் சொல்லித் தொடங்கும் ஸூறா ஒன்று நம்மிடம் உண்டு. அதை ஓதுகிற வாயால்தான் நான் அந்த மகஜரையும் வாசித்துக் காட்டினேன்.

அதன் பிரதியொன்று இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அண்மையில் எடுத்துப் பார்த்தேன். அறுபது கையொப்பங்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையதல்ல. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்த எனக்கும்தான்.