அடக்கமா, அச்சமா?

முகாம் என்றால் சமையலறை வேலைக்கு முதல் ஆளாகக் கை தூக்குவேன். “ரொம்ப அடக்கமான பையன்” என்பார்கள். மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் யாருக்கும் தெரியாது.

வெளியே பார்த்தால் அடக்கமும் அச்சமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அடக்கமுள்ளவரால் பேசவும் முடியும். பேசாமல் இருப்பது அவருடைய முடிவு. பயந்தவருக்கு அந்த முடிவே கையில் இல்லை. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் வேலையையும் நட்பையும் கெடுத்தால், மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது இடம்பெற்றது. கோழைத்தனம் இல்லை, சிகிச்சை உள்ள நோய்.

ஒதுங்கினால் அப்போதைக்கு நிம்மதிதான். அடுத்த தடவை பயம் இன்னும் பெரிசாகும். அதனால் சிகிச்சையிலும் சின்னச் சின்னப் படிகள்தான்: இன்று ஒருவருக்கு வணக்கம், அடுத்த வாரம் வகுப்பில் ஒரு கேள்வி, பிறகு ஓர் அறிவிப்பு. தனியாக முடியவில்லையா? அரசாங்கக் கிளினிக்கில் தயங்காமல் சொல்லுங்கள்.

நண்பர்களே, இப்படிப்பட்டவரைத் திடீரென மேடையில் தள்ளாதீர்கள். “அவன் அப்படித்தான்” என்று ஒதுக்கியும் விடாதீர்கள். அடுத்த படிக்குத் துணையாகப் பக்கத்தில் நில்லுங்கள். அதுவும் சேவைதான்.