ஆர்வமில்லாத பயணத் தோழர்: அவருக்கு நம்மீது என்ன ஹக்கு?

 

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! உம்ராவுக்குப் போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கஅபாவை முதன்முதலில் கண்ட நொடியைச் சொல்வார்கள். மதீனாவின் அமைதியைச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் மூன்றாவதாக ஒன்று வரும், குரல் தாழ்ந்து வரும்: "கூட வந்தவர்தான் ஹழ்ரத், சரியில்லை."

என்ன சரியில்லை என்று கேட்டால் பெரிய குற்றம் எதுவும் இருக்காது. களவு இல்லை, பொய் இல்லை. தஹஜ்ஜுதுக்கு ஹரமுக்குப் போகலாம் என்றால் "நீ போ, நான் ஃபஜ்ருக்கு வருகிறேன்" என்று படுத்துவிட்டார். உஹதுக்குப் போகலாம் என்றால் முட்டி வலிக்கிறது என்றார். ரவ்ளாவுக்கு நுசுக் செயலியில் பாடுபட்டு நேரம் வாங்கி வைத்திருந்தால் அந்த நேரத்தில் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பார்த்ததும் "நம்ம ஏரி மீன் மாதிரி வருமா" என்றார். ஆக, அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. நமக்கு இருந்த ஆர்வம் அவருக்கு இல்லை.

இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான். நமக்கு இருக்கும் ஆர்வம் இன்னொருவரிடம் இல்லை என்பதற்காக அவர்மீது கோபப்பட நமக்கு உரிமை உண்டா? அப்படிப்பட்ட தோழருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

சூரத்துன் னிஸாவின் 36ஆம் வசனத்தில் அல்லாஹ் தஆலா நாம் நன்மை செய்ய வேண்டியவர்களை வரிசையாகச் சொல்கிறான். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், பக்கத்து வீட்டார் என்று வரும் அந்த வரிசையில் "அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்" என்று ஒருவர் வருகிறார். விலாப்பக்கத்தில் இருக்கும் தோழர் என்பது சொல்லின் பொருள். இவர் பயணத் தோழர் என்று இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித் (ரஹ்) போன்றவர்களிடமிருந்து விளக்கம் வந்திருக்கிறது. மனைவி என்றும் சிலர் விளக்கியிருக்கிறார்கள். இரண்டும் அடங்கும் என்பது இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் முடிவு. அப்படியானால் மனைவியோடு உம்ராவுக்குப் போகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரே வசனத்தில், ஒரே சொல்லில், அந்த அம்மாவுக்கு இரண்டு ஹக்கு இருக்கிறது. திரும்பி வந்து "இவளைக் கூட்டிக்கொண்டு போனதே தப்பு" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசும் கணவர்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்த ஹக்கு, ஆர்வமுள்ள தோழருக்கு மட்டும் என்று எந்த முஃபஸ்ஸிரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறார், அது போதும்.

ஹிஜ்ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அபூபக்ர் (ரலி) அந்தப் பயணத்துக்காக இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். கூட வரலாம் என்று பெருமானார் (ஸல்) சொன்னதும் மகிழ்ச்சியில் அழுதார்கள். மகிழ்ச்சியால் ஒருவர் அழுவதை அன்றுதான் கண்டதாக ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி ஸீரா நூல்களில் இருக்கிறது. பயணத் தோழர் என்றால் இப்படி அமைய வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம்.

அதே பயணத்தில் இன்னொருவரும் இருந்தார். அப்துல்லாஹ் இப்னு உரைகித். வழிகாட்டி. கூலிக்கு அமர்த்தப்பட்டவர். அன்று அவர் குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். ஹிஜ்ரத்தின் நோக்கத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. மதீனாவை நினைத்து அவர் மனம் உருகியிருக்காது. ஆனால் அவரை நம்பி இரண்டு ஒட்டகங்களையும் முன்கூட்டியே ஒப்படைத்தார்கள். மூன்று இரவு கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். பிடித்துக் கொடுப்பவருக்கு 100 ஒட்டகம் என்று மக்காவில் அறிவிப்பு இருந்த நேரம் அது. குகை எங்கே இருக்கிறது என்பது இவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் ஒட்டகங்களோடு வந்து நின்றார். கடற்கரை வழியாக அழைத்துச் சென்று மதீனாவில் சேர்த்தார்.

இந்தச் சம்பவத்தைப் பயணத் துணை என்ற கோணத்தில் நாம் அதிகம் பேசுவதில்லை. உலகமே திசை மாறிய அந்தப் பயணத்தில், நோக்கத்தில் பங்கில்லாத ஒருவர் கூட இருந்தார். பெருமானார் (ஸல்) அவரிடம் கேட்டது வழியும் நம்பிக்கையும்தான். உள்ளத்தின் உருக்கத்தைக் கேட்கவில்லை.

இது நம் பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. தோணிரேவிலும் பக்கத்துக் குப்பங்களிலும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கரையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஏரியில் ஒரே வலையின் இரண்டு முனையைப் பிடித்திருப்பார்கள். ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைப் பாடு முறை முடிவு செய்கிறது. மனம் முடிவு செய்வதில்லை. இன்றைக்கு எனக்கு இஷ்டமில்லை என்று நடு ஏரியில் யாரும் வலையை விடுவதும் இல்லை, உனக்கு ஏன் உற்சாகமில்லை என்று அடுத்தவரைக் கேட்பதும் இல்லை. கை வேலை செய்தால் போதும். தொழிலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், ஜித்தாவில் விமானம் இறங்கியதும் அடுத்தவருடைய உள்ளத்துக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஹஜ்ஜில் கூடாதவை என்று சூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் மூன்றைச் சொல்கிறது. மூன்றாவது ஜிதால், சச்சரவு. அதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி) கொடுத்த விளக்கத்தைக் கவனியுங்கள். உன் தோழருக்குக் கோபம் வரும் அளவுக்கு அவரோடு வாக்குவாதம் செய்வது. பகைவரோடு என்று சொல்லவில்லை, தோழரோடு என்றார்கள். இஹ்ராமில் இருக்கும் ஒருவருக்கு அங்கே பகைவர் யார் இருக்கப் போகிறார்? அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர்தான் சோதனை. தோழரின் சோம்பலைப் பார்த்து நம் இபாதத் கெடவில்லை. அதைப் பற்றி அவரிடம் விவாதித்தோமே, அங்கேதான் கெட்டது.

இதில் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் மகன் பணம் அனுப்பி, வாப்பாவை உம்ராவுக்கு அழைத்துப் போகிறான். நல்ல பிள்ளை, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் வாப்பாவுக்கு எழுபது வயது. ஊரை விட்டு நான்கு நாள் தங்கியவர் இல்லை. "இப்போது வேண்டாம்பா" என்று இரண்டு முறை சொன்னார். மகன் விடவில்லை. அங்கே போனதும் முகத்துவாரம் அடைத்துக்கொண்டதா, வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று போனில் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். மகனுக்கு எரிச்சல். இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தேன், இவருக்கு இதன் அருமை தெரியவில்லையே என்று.

மகனே, யாருடைய ஆசை இது? அவருக்கு விருப்பம் இருந்திருந்தால் அது அவருடைய பயணம். விருப்பமில்லாமல் உன் முகத்துக்காக வந்திருக்கிறார் என்றால், இந்தப் பயணத்தில் கொடுப்பவர் அவர். நீ டிக்கெட் கொடுத்தாய், அவர் தன்னுடைய இரண்டு வாரத்தையும் முட்டி வலியையும் கொடுத்திருக்கிறார். வற்புறுத்தி அழைத்து வந்தவருக்கு வழியில் பொறுமை இரண்டு பங்கு வேண்டும் என்பது என் கருத்து. யாரை நாம் தள்ளிக்கொண்டு வந்தோமோ அவர் மெதுவாகத்தான் நடப்பார்.

மெதுவாக நடப்பவருக்காக நிற்பது சுன்னத்தாக இருந்திருக்கிறது. ஹஜ்ஜத்துல் விதாவுக்குப் போகும் வழியில், ஸரிஃப் என்ற இடத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தார்கள். பெருமானார் (ஸல்) கடிந்துகொள்ளவில்லை. ஆதமுடைய பெண்மக்கள்மீது அல்லாஹ் விதித்த ஒன்று என்று ஆறுதல் சொல்லி, தவாஃபைத் தவிர மற்றதைச் செய்யச் சொன்னார்கள். ஹஜ் முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பும் நேரம். மற்றவர்கள் உம்ராவும் ஹஜ்ஜும் செய்துவிட்டுப் போகிறார்களே என்ற ஏக்கம் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு. சகோதரர் அப்துர் ரஹ்மானைத் துணைக்கு அனுப்பி, தன்ஈமிலிருந்து இஹ்ராம் கட்டி உம்ரா செய்து வரச் சொன்னார்கள். ஒருவருடைய ஏக்கத்துக்காக அந்தக் கூட்டம் முழுதும் முஹஸ்ஸபில் இரவில் காத்திருந்தது. நம் குரூப்பில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

சரி, ஒத்துவராது என்று தெரிந்துவிட்டால்? பிரிந்துவிடலாமா? பிரியலாம். மூஸா (அலை) அவர்களும் ஹிழ்று (அலை) அவர்களும் பிரிந்தார்கள். இருவருமே நல்லவர்கள், ஆனாலும் ஒத்துப்போகவில்லை. சூரத்துல் கஹ்ஃபில் அந்த வரலாற்றை நீங்கள் ஒவ்வொரு ஜும்ஆ நாளிலும் ஓதுகிறீர்கள். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. புறப்படும் முன்பே நிபந்தனை பேசிக்கொண்டார்கள். நானாகச் சொல்லும் வரை கேட்கக்கூடாது என்று. ஏழைகளின் மரக்கலத்தில் ஓட்டை போட்டபோது மூஸா (அலை) கேட்டுவிட்டார்கள், சிறுவனின் விஷயத்திலும் கேட்டுவிட்டார்கள். இன்னொரு முறை கேட்டால் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று தவணையையும் அவர்களே வைத்தார்கள். சுவர் விஷயத்தில் பிரிவு வந்தது. அப்போது ஹிழ்று (அலை) கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. மூன்றுக்கும் காரணத்தைப் பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் பிரிந்தார்கள்.

நம்மவர்கள் செய்வது தலைகீழ். முன்னால் ஒன்றும் பேசுவதில்லை, வழியில் பேசுவதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். ஊர் திரும்பிய பிறகு எல்லோரிடமும் பேசுகிறோம், அவரைத் தவிர.

இப்னு பதூதா 1325இல் தன் 21ஆம் வயதில் தன்ஜாவிலிருந்து தனியாக ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். தூனிஸ் நகரில் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருக்க, தனக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை என்று அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து பேச்சுக் கொடுத்து ஆறுதல் தந்தார். துணையில்லாத வலி தெரிந்த அந்த இளைஞர், கொஞ்ச நாளில் அதே காஃபிலாவில் ஒருவருடைய மகளை மணமுடித்தார். அடுத்து மாமனாரோடு தகராறு. அந்தப் பெண்ணைப் பிரிந்து, ஃபாஸ் நகரத்து மாணவர் ஒருவரின் மகளை மணந்து, வலீமாவுக்காகக் காஃபிலாவை ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தார்! முதல் மனைவியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பற்றி அந்த நூலில் ஒன்றும் இல்லை.

அதே மனிதர் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து நம் தமிழ்க் கடற்கரைக்கு வருகிறார். அன்று இதற்கு மஅபர் என்று பெயர். இலங்கையிலிருந்து வந்த கப்பல் கரைக்கு அருகே தரை தட்டி உடையும் நிலை. மாலுமிகள் மரங்களைக் கட்டித் தெப்பம் செய்கிறார்கள். எங்களை விட்டுவிட்டுப் போகிறீரா என்று தோழர்கள் இருவரும் கேட்கிறார்கள். அவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் உடையும் கப்பலிலேயே இரவைக் கழித்தார். மறுநாள் இந்தக் கரையின் மக்கள் படகில் வந்து மீட்டார்கள். இருபது வருடப் பயணம் அந்த மனிதரை அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தது.

ஆர்வமில்லாமல் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் யாரும் கண்ணீரைக் கேட்கக்கூடாது. ஆனால் சொன்ன நேரத்தில் வருவதையும், அடுத்தவர் துஆவில் இருக்கும்போது பெருமூச்சு விடாமல் இருப்பதையும் கேட்கலாம். இப்னு உரைகித் செய்ததை ஒரு முஸ்லிம் செய்ய முடியாதா?

ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்கள் ஒரே கவரில் ஐந்து பேர் வரை போகலாம். பெரும்பாலும் உறவுக்காகச் சேர்கிறோம், பழக்கம் ஒத்துவருமா என்று பார்ப்பதில்லை. ஒருவர் நல்லவர் என்று சாட்சி சொன்னவரிடம் உமர் (ரலி), அவரோடு பயணம் செய்திருக்கிறீரா என்று கேட்டதாக ஒரு செய்தி உண்டு. ஆகவே படிவம் நிரப்பும் முன் ஓர் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து பேசுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுவார், யாருக்கு நடக்க முடியாது, எந்தெந்த இடத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவது, எங்கே தனித்தனி. மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்குங்கள் என்பது ஹதீஸ். அந்த அமீரைச் சென்னை விமான நிலையத்தில் தேடாதீர்கள், இங்கேயே தேர்ந்தெடுங்கள்.

அங்கே போன பிறகும், பக்கத்தில் ஆள் இருந்தும் தனிமையாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பயண துஆவின் பொருளைப் பாருங்கள். பயணத்தில் தோழன் என்று அதில் நாம் அழைப்பது அல்லாஹ்வைத்தான். பக்கத்துக் கட்டில்காரரிடம் அந்த இடத்தை நிரப்பச் சொன்னால் பாவம், அவர் என்ன செய்வார்?

கடைசியாக, அடிக்கடி வரும் கேள்வி: அவரை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் ஹரமுக்குப் போகலாமா? அவர் உடல் நலத்தோடு இருந்தால், உங்கள் உதவியில்லாமல் இருக்க முடிந்தால், தாராளமாகப் போகலாம். சொல்லிவிட்டுப் போங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அறைச் சாவி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். நடுவில் அவருக்கே வர வேண்டும் என்று தோன்றலாம்.