ஊருக்குத் திரும்பாத கணக்கு

2005ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கடலூர் மஞ்சக்குப்பத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வெளியூர் வண்டிகள். ஜெராக்ஸ் கடைகளில் எந்நேரமும் கூட்டம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, தெற்கே கிள்ளை வரை கடலோர ஊர்கள் சுனாமியில் நொறுங்கிக் கிடந்தன. மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். முன்பின் தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் பணம் வந்தது, பொருள் வந்தது. மூட்டை மூட்டையாகப் பழைய துணியும் வந்து, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் சாலையோரம் மழையில் நனைந்தது.

சோறு போட்டவர்களையும் படகு வாங்கிக் கொடுத்தவர்களையும் ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பணத்துக்கெல்லாம் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களை யாருக்கும் தெரியாது. அவர்களில் சம்பளம் வாங்காதவர்களும் இருந்தார்கள். வங்கியிலும் கருவூலத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பி.காம். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள். நானும் ஒரு சிறிய அறக்கட்டளையின் வரவு செலவை அப்படிக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டேன். அந்த மேசையில் உட்கார்ந்தபோது எழுந்த ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை: இந்தக் கணக்கை நாம் யாருக்காக எழுதுகிறோம்?

வெளிநாட்டுப் பணத்தைத் தொட்டவர்களுக்கு அந்த வேலையின் எடை தெரியும். அன்றைக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டு நன்கொடைக்கு மத்திய உள்துறையில் பதிவு வேண்டும், தனி வங்கிக் கணக்கு வேண்டும், தனிப் பேரேடு வேண்டும். ஆண்டு முடிந்ததும் தணிக்கையாளர் சான்றோடு டில்லிக்குப் படிவம் போக வேண்டும். கொடுக்கும் நிறுவனத்தின் கணக்காண்டு பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும், நம்முடையது ஏப்ரலில். ஒரே செலவை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அனுப்பியபோது யூரோவுக்கு ஒரு விலை, செலவழித்தபோது வேறு விலை. அந்த வித்தியாசத்துக்கும் விளக்கம் எழுத வேண்டும். சாயங்காலம் கேஷ் புக்கை முடிக்கும்போது பெட்டியில் இருக்கும் ரொக்கம் ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் வவுச்சரில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்க வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டர், வண்டி லாக் புக், முன்பணம் வாங்கிப்போனவர் திரும்பக் கணக்குக் கொடுத்தாரா என்கிற குறிப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இதைத் தொண்டு என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. களத்துக்குப் போகிறவர்தான் தொண்டர், உள்ளே இருப்பவர் குமாஸ்தா. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு மஸ்டர் ரோல்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பில் வாய்க்கால் வெட்டும் கூலி வேலை நடந்தது. கூலி கொடுக்கிற நாளில் மஸ்டர் ரோலை விரித்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டோம். ஒரு வயதான அம்மா வந்து, மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி, தன் பெயருக்கு நேரே வைத்தார். வெறும் கறுப்பு வட்டம் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னோம். மறுபடியும் வட்டம்தான், ஒரு ரேகை கூட இல்லை. "உப்புத் தண்ணியில எறா தடவித் தடவி ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு சார்" என்றார். வலையில்லாமல் முழங்கால் நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் அவர்கள். பிடித்த இறாலை வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். பிறகு தணிக்கைக்கு வந்தவர் அந்த வரியில் பென்சிலால் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். அவர் செய்ததில் தவறில்லை. விரல் ரேகை தெளிவில்லாத கூலிப் பட்டியலைச் சந்தேகப்படுவது அவர் கடமை.

அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு பதில் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ரேகை ஏன் விழவில்லை, அந்த அம்மா யார், எத்தனை நாள் மண் சுமந்தார், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யார் என்று ஒரு பக்கம் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி இணைத்தோம். அந்தத் திட்டத்தின் எந்த அறிக்கையிலும், எந்தப் புகைப்படத்திலும் அவரைப் பற்றி அவ்வளவு விவரம் இல்லை. அவர் வாழ்க்கையை உள்ளபடி சொன்ன ஒரே தாள், ஒரு வவுச்சரின் இணைப்பு. அன்றுதான் இந்த வேலையின் மதிப்பு எனக்குப் பிடிபட்டது.

வாய்க்கால் வெட்டுவது சின்ன விஷயமில்லை. பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகளாகக் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டியதில் நிலம் உள்வாங்கி, தேங்கிய நீர் ஆவியாகி, உப்பு மிஞ்சி, அலையாத்தி முளைக்காமல் போயிருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளில் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தது. காடு திரும்பியது. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. எப்படியானாலும், எங்கோ கனடாவில் ஒருவர் கட்டிய வரி கிள்ளையில் ஒருவர் மண்வெட்டி பிடித்த கூலியாக மாறிய இடம் மஸ்டர் ரோல்தான். வாழ்நாளில் சந்திக்கவே வாய்ப்பில்லாத அந்த இரண்டு பேரும் ஒரே கணக்குக்குள் வருகிறார்கள்.

ஆகவே அந்தத் தாளில் பொய் இருக்கக் கூடாது. இங்கேதான் ஒரு கசப்பைச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கும் அலுவலகம் எல்லாவற்றுக்கும் பில் கேட்கிறது. தோணிக்காரர் பில் தருவதில்லை. சந்தையில் கீற்று விற்கும் பெண்ணிடம் ரசீதுப் புத்தகம் கிடையாது. உடனே யாராவது ஒரு கடையில் வெற்றுப் பில் வாங்கி நிரப்பிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். பணம் உண்மையாகச் செலவானதுதான், யாரும் திருடவில்லை, ஆனால் தாள் பொய். இப்படிச் சின்னதாகத் தொடங்கியது எங்கே போய் முடியும் என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் அறிவார். பில் இல்லையென்றால் இல்லை என்றே எழுதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று விவரம் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, அதை ஏற்கும்படி வாதாட வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும் இளைஞருக்கு அந்த வாதம் கஷ்டம், அவர் வேலை அதில் தொங்குகிறது. சம்பளம் வாங்காத ஒரு பெரியவர் தைரியமாகச் சொல்லலாம். கணக்கில் தொண்டர் வேண்டும் என்பதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். செலவு மிச்சமாவது அதற்கு அடுத்தபடிதான்.

இன்ன காரியத்துக்கென்று வந்த பணத்தை அதற்கே செலவழிப்பது இன்னொரு சோதனை. சுனாமிக்கு வந்தது போல் எதற்கும் பணம் வந்ததில்லை. 2006இல் வெளியான சர்வதேச மதிப்பீட்டு அறிக்கையின்படி, சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் வந்தது. 2004ஆம் ஆண்டு வெள்ளத்தில் தவித்த வங்கதேசத்தாருக்குத் தலைக்கு 3 டாலர். நம் மாவட்டத்திலேயே இந்தக் கோணலைப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது உலகம் அந்த அளவுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமிக்கு எங்களுக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்ததில் மீதியை வேறு நெருக்கடிக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களுக்கே எழுதிக் கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். பணம் கையில் இருக்கும்போது அனுமதி கேட்டு நிற்பதற்கு ஒரு மனத்திடம் வேண்டும்.

கொடுத்த நோக்கத்துக்கே கொடையைக் காப்பதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அதற்கு நாள்தோறும் உழக்கு நெய், எந்த ஊர் இடையர் பொறுப்பு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். ஆடு பெருகலாம், குறையக் கூடாது, முதல் அப்படியே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. சோழத் தளபதி நரலோகவீரனின் கொடைகளைச் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் கல்லில் காணலாம். கொடுத்ததும் கொடுத்த நோக்கமும் எல்லோரும் வலம் வரும் சுவரில் இருந்தன. அரண்மனைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை.

நாம் எழுதிய கணக்கு எந்தச் சுவரில் இருந்தது? டில்லிக்கு ஒரு பிரதி, ஐரோப்பாவுக்கு ஒரு பிரதி, தணிக்கையாளருக்கு ஒன்று, அலுவலக அலமாரியில் ஒன்று. எல்லாம் ஆங்கிலம். தாழங்குடாவுக்கு ஒரு பிரதியும் போகவில்லை. யார் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டினார்களோ அவர்களுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று தெரியாது. கடலூருக்கு இது புதிதும் அல்ல. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய காலத்திலிருந்து இங்கே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏடுகள் சென்னைக்கும் லண்டனுக்கும் போயின, துணி நெய்து கொடுத்தவரின் வீட்டுத் திண்ணைக்கு வரவில்லை. கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போக வந்தார்கள், நாம் கொடுக்க வந்தோம். நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கணக்கு போன திசை மட்டும் மாறவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மீனவர் குப்பங்களில் திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலானது, மேளத்துக்கு எவ்வளவு, வாணத்துக்கு எவ்வளவு என்று உரக்கப் படிப்பார்கள். நடுவில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார், பதில் சொல்லாமல் கூட்டம் கலையாது. சுனாமி நிவாரணத்தையும் பல ஊர்ப் பஞ்சாயத்துகள் இப்படித்தான் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்தன. அதிலும் குறை இருந்தது. சில ஊர்களில் கைம்பெண்ணின் குடும்பம் அரைத் தலைக்கட்டு. இருளரும் தலித்துகளும் அந்தப் பட்டியலுக்கே வெளியே. ஊர்க்கணக்கு என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. ஆனாலும் அங்கே ஒரு குரல் எழும்ப இடமிருந்தது. எங்கள் லெட்ஜரில் அந்த இடமே இல்லை.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994இல் ஊர் ஊராக மஸ்டர் ரோலையும் பில்லையும் சபையில் உரக்கப் படிக்கத் தொடங்கியது. தன் பெயரில் எழுதியிருந்த கூலியைக் கேட்டு, எனக்கு இது வரவில்லையே என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கும், நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கேதான். அரசுப் பணத்துக்கு வந்த இந்த வழக்கம் அறப்பணத்துக்கு ஏன் வரக் கூடாது?

உதவி செய்யும்போது கொடுப்பவர் கை மேலேயும் வாங்குபவர் கை கீழேயும் இருக்கிறது, அதைச் சமமாக்க முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியும் என்று நான் இப்போது நம்புகிறேன். வாங்குபவர் முன்னால் கணக்கைப் படித்துக் காட்டி, சரியா என்று அவரைக் கேட்கும் அந்தக் கணத்தில் அவர் பயனாளி என்ற பட்டியலிலிருந்து வெளியே வருகிறார், கணக்குக் கேட்கும் உரிமையாளர் ஆகிறார். அந்த உரிமையைத் தராத தர்மம், எவ்வளவு தாராளமாக இருந்தாலும், அவரைக் கை நீட்டியபடியே நிறுத்திவிடுகிறது. அந்த அம்மாவின் பெருவிரலுக்கு விளக்கம் எழுதினோமே, எழுதியதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி அந்த முறை அமைந்திருக்கவும் இல்லை.

2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னும் இறுகியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது, வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் கணக்கு டில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் இருக்க வேண்டும் என்றானது, பெரிய அமைப்பு சிறியதற்குப் பகிர்ந்து தருவதும் நின்றது. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிர்வாகச் செலவில் கை வைத்தால் சிறிய அமைப்புகளில் முதலில் போவது கணக்கர்தான்.

ஆகவே மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் நெய்வேலியிலும் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் வங்கிக்காரர்களே, கருவூலக்காரர்களே, பல்கலைக்கழக அலுவலகத்துப் பெரியவர்களே, உங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு வாரம் ஒரு நாள் கொடுங்கள். வவுச்சரைச் சரிபாருங்கள், பொய்ப் பில்லை எழுத விடாதீர்கள். ஆண்டு முடிந்ததும் அதே கணக்கைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, அந்த ஊருக்கு எடுத்துப்போய்க் கூட்டத்தில் படியுங்கள். ஆண்கள் மட்டும் கூடும் கூட்டமாக இருந்தால் பெண்களையும் இருளர் குடியிருப்பையும் அழைத்து இன்னொரு முறை படியுங்கள். படித்து முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள், கேள்வி வரும் வரை உட்கார்ந்திருங்கள்.