வாயில் தோன்றும் வெள்ளையும் ஒழிபு என்னும் அளவையும்

வெற்றிலை போடுபவரின் கொடுப்புக்குள் தெரியும் ஒரு வெள்ளை, ஐந்தாறு நோய்களுக்குப் பொதுவான அடையாளம். வன்னியில் செத்தவீட்டிலும் வயல் வேலையின் இடையிலும் வெற்றிலைத் தட்டம் சுற்றிவரும். ஆகவே 'சுண்ணாம்பு கூடிப்போச்சு, வாய் வெந்துபோச்சு' என்ற முடிவு எளிதில் வந்துவிடுகிறது. அம்முடிவு சில வேளை சரியாகவும் இருக்கும். எப்போது சரி என்று அறிவது எப்படி?

சைவ சித்தாந்தம் இக்கேள்வியை மிக மதித்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனைப் பற்றிப் பேசுமுன் அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, ஆராய்ந்தார். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றே அவருக்கு அடிப்படை. பொருந்தாதவற்றைத் தள்ளி எஞ்சியதைக் கொள்ளும் 'ஒழிபு' உட்படப் பிற அளவைகள் யாவும் அவற்றுள் அடங்கும். காட்சியிலேயே ஐயமும் திரிபும் புகும் என்பதையும் அவர் விடவில்லை. மங்கலில் நிற்பது குற்றியோ ஆளோ என்று தயங்குவது ஐயம். குற்றியை ஆளென்றே துணிவது திரிபு. திரிபைவிட ஐயம் நல்லது, அது மேலும் பார்க்கச் செய்யும்.

வைத்தியரும் அவ்வாறே பார்க்கிறார். துணியால் வழிக்க வெள்ளை உரிந்து, அடியில் சிவந்த தசை தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. நீரிழிவுக்காரருக்கு இது கூடுதலாக வரும். இரு கன்னத்திலும் பின்னலாக மெல்லிய கோடுகள் இருந்தால் லைக்கன் பிளானஸ் எனக் கருதலாம். உடைந்த பல் உராய்ந்து வந்த தடிப்பு, பல்லைச் சீராக்கிய சில கிழமைகளில் மறையும். உறைப்புக் கறி பட்டதும் எரிவு, நாளடைவில் வாய் திறக்க முடியாத இறுக்கம் என்றால் அது பாக்கினால் வரும் நார்த்திசு நோய். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்தது.

இவற்றுள் எதிலும் அடங்காமல், வழித்தாலும் போகாமல் எஞ்சும் வெள்ளையே லியூகோபிளேக்கியா. அதன் வரைவிலக்கணமே ஒழிபால் அமைந்தது. ஆனால் ஒழிபு பெயரை மட்டுமே தரும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். தொடக்கத்து வாய்ப் புற்றுநோய் பல வேளை நோவதில்லை. 'நோகேல்லை, அப்ப ஒண்டுமில்லை' என்ற கருதலுக்கு அடிப்படை இல்லை.

இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண்ணையோ மாறாத வெள்ளையையோ அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் தாமதியாது காட்டுங்கள்.