எண்ணிய பின் நீக்கிய வாக்குகள்

முதல் பொதுத்தேர்தல் ஒரு தேசத்துக்குப் பிரதிநிதிகளைத் தருவதோடு, எந்தப் பகுதியில் எந்த ஜனங்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்ற, அதுவரை ஊகமாக மட்டும் இருந்த கணக்கையும் ஆட்சியாளர் கையில் கொடுத்துவிடுகிறது. அக்கணக்கைக் கண்டபின், தமக்கு எதிராக வாக்களித்தோரின் உரிமையையே பறிக்க வென்றவர்களுக்கு நியாயம் உண்டா?

1947 ஆகஸ்டு, செப்டம்பரில் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு நடந்த முதல் தேர்தலில், 95 ஸ்தானங்களுள் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிட்டியவை 42. இந்தியாவிலிருந்து வந்தோரின் சந்ததியான தேயிலைத் தோட்டத் தொழிலாளரோ, நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானையும் வேறு சில தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசின் பிறரையும் தேர்ந்தெடுத்ததோடு, தங்கள் ஆள் நில்லாத இடங்களில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்திருந்தார்கள். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது அது. லயன் அறைகளிற் பிறந்து, பிறப்பு எங்கும் பதியப்படாமலே மாண்டவர்களின் சந்ததி எதைக் காட்டும்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளல்லாதாரை வாக்காளர் பட்டியலினின்று நீக்கினார்கள்.

எதிர்வாதத்தை அலட்சியம் செய்வது தர்மமாகாது. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் மலையைத் தோட்டத் துரைமாரிடம் இழந்தவன். அம்மலையின் பாராளுமன்ற ஸ்தானமும் கைநழுவுவதைக் கண்டு அவன் கலங்கியதில் பொய்யில்லை. ஆயினும் நிலத்தை எடுத்தவர் துரை, தண்டனை பெற்றவர் கூலி. சுதந்திர தேசம் தன் பிரஜை யாரென்று விதிக்கலாம் என்பதும் மெய்யே. அவ்விதி வாக்குகளை எண்ணும் முன் வந்திருந்தால் அதைப் பற்றி வாதிடலாம், பின்னர் வந்ததால் அது பழிவாங்கலினின்று பிரித்தறிய இயலாததாயிற்று.

இதற்கு மாறாக இந்தியாவைப் பாருங்கள். பெங்களூர்த் தொம்மலூரில், சொக்கநாதசுவாமி கோயிலில், 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆயினும் அவற்றைச் சான்றாகக் காட்டும் அவசியம் அவ்வூர்த் தமிழருக்கு நேரவில்லை, பிழைப்புக்காக நேற்று வந்தவரின் பாட்டன் ஊரையும் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் விதிகள் விசாரிக்கவில்லை. ஒரே தேசத்துக்குள் குடிபெயர்வது வேறு, கடல் கடப்பது வேறு என்பர். கண்டிச் சீமைக்கு ஆள் கட்டிய காலத்தில் இரு கரைகளும் ஒரே பிரித்தானிய முடியின் கீழிருந்ததை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

பிளவு சிங்களர், தமிழர் என்ற எல்லையோடும் நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அதே அரசில் அமைச்சரானார். அதை ஏற்காது அக்கட்சியினின்று விலகிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதியாக ஒருவர்கூட வெல்லவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்டபோது, அந்தத் தோட்டத்து ஜனங்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.