கொன்றவர்கள் எடுத்த படங்கள்

கொல்லப்போகிறவர்கள் எடுத்து வைத்த படத்தை, கொல்லப்பட்டவரின் சம்மதம் இல்லாமல், நாம் நின்று பார்க்கலாமா? கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் உள்ள துவோல் ஸ்லெங் இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குள் நுழையும் எவரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் சுற்றிவிட்டு வந்தாலும் அதுவும் ஒரு பதில்தான்.

அந்த இடம் முன்பு உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. 1975 முதல் 1979 வரை ஆண்ட போல் பாட்டின் கெமர் ரூஜ் அரசு அதை எஸ்-21 என்னும் ரகசியச் சிறையாக்கியது. வகுப்பறைகளைச் சிறு சிறு கொட்டடிகளாகத் தடுத்தார்கள். கைதிகள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டுவிடாதபடி தாழ்வாரத்தை முள்கம்பியால் மூடினார்கள். சாகும் நேரத்தைக்கூடக் கைதியால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அந்தச் சில ஆண்டுகளில் கம்போடியாவில் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். எஸ்-21 வழியாகச் சாவுக்குப் போனவர்கள் மட்டும் குறைந்தது 12,000 பேர் என்று நீதிமன்றம் கண்டது.

சிறைக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்து, கோப்பு திறப்பார்கள். அடுத்தது சித்திரவதை, வாக்குமூலம், கடைசியில் கொலை. அந்தக் கோப்புகளிலிருந்து தப்பிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள் இன்று வரலாற்றின் கையில் இருக்கின்றன. அருங்காட்சியகச் சுவர்களில் வரிசை வரிசையாக நம்மைப் பார்ப்பவை அவையே. கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயும் அவர்களில் உண்டு.

இவற்றைக் காட்டத்தான் வேண்டும் என்பதற்கு வலுவான நியாயங்கள் உள்ளன. 1979 ஜனவரியில் வியட்நாம் படை கெமர் ரூஜை விரட்டிய பிறகு, காணாமல்போன கணவனையும் மகளையும் தேடி வந்தவர்கள் இந்தப் படங்களில்தான் தேடினார்கள். பலருக்குக் கிடைத்த ஒரே தகவல் சுவரில் இருந்த முகம். இரண்டாவது, இந்த ஆவணங்கள் சாட்சியம். சிறைத் தலைவன் டூச் 2010இல் தண்டிக்கப்பட்டதற்கு, அவனே ஒழுங்காகப் பராமரித்த காகிதங்கள் பெருந்துணையாயின. மூன்றாவது, மறுப்பவர்கள் இருக்கிறார்கள். துவோல் ஸ்லெங் வியட்நாமியர் ஜோடித்த கண்காட்சி என்று போல் பாட்டே 1997இல் ஒரு பேட்டியில் சொன்னான். அந்த முகங்களை மூடிவைத்தால் அந்தப் பொய்க்கு வழிவிட்டது போலாகும்.

எதிர்வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி இருக்கிறது. அணுகுண்டில் இறந்த மூன்று வயது மகனோடு சேர்த்து அதைப் புதைத்த தகப்பன், 1985இல் எலும்புகளைக் கல்லறைக்கு மாற்றுவதற்காகத் தோண்டியபோது, தானே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எரிந்த உடைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் அப்படித்தான் பெற்றோர்கள் கொடுத்தார்கள். அங்கே பார்வையாளர் பார்ப்பது ஒரு குடும்பம் மனமுவந்து திறந்து காட்டிய துயரம். துவோல் ஸ்லெங்கில் அப்படி யாரும் எதையும் கொடுக்கவில்லை. மிரட்டலின் கீழ் எடுத்த படம் அது. அதன் முன் நிற்பவர், படமெடுத்தவன் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார். பார்வையின் கோணமும் கொன்றவர்களுடையதே.

சம்மதம் இல்லாத ஒன்றைக் கையாளும்போது கை எவ்வளவு எளிதில் தவறும் என்பதற்கும் இதே இடத்தின் கதை சாட்சி. மண்டை ஓடுகளால் செய்த கம்போடிய வரைபடம் ஒன்று பல ஆண்டுகள் இங்கே சுவரை நிறைத்திருந்தது, 2002இல்தான் கழற்றினார்கள். இறந்தவரை எரியூட்டுவது பௌத்தக் கம்போடியரின் வழக்கம். படையெடுத்து வந்த வியட்நாமியர் தம் வரவை நியாயப்படுத்திக்கொள்ள அந்த எலும்புகள் உதவின. எலும்புக்குரியவர்களுக்குக் கடைசி மரியாதை கிடைக்கவில்லை. 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் படங்களில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, கொலைக்கோப்பு கலைப்பொருளாகிவிட்டது என்று கண்டனம் எழுந்தது. 2021இல் ஒருவர் இந்தப் படங்களுக்கு வண்ணம் பூசியதோடு நிற்காமல் சில முகங்களில் புன்னகையும் வரவழைத்தார். உறவினர்களும் கம்போடிய அரசும் கொதித்தெழ, வெளியிட்ட ஊடகம் அதை நீக்கியது. இந்த மூன்றிலும் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்ல முடியாது. இறந்தவரைத் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதே குற்றம். ஒரு தரப்புக்கு அரசியல் தேவை, இன்னொன்றுக்குக் கலைத்தேவை, மூன்றாவதற்கு மனநிறைவு.

பார்வையாளரின் இரக்கமும் அப்படியொரு தேவையாக மாறலாம். உள்ளே போய்க் கண்கலங்கி, வெளியே வந்து தன் மனம் இன்னும் மரத்துப்போகவில்லை என்று நிம்மதி அடைவது எளிது. அந்த நிம்மதிக்காக அந்தத் தாய் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. எனவே பார்ப்பதற்கு அனுமதி உண்டு என்றால் அது நிபந்தனையோடுதான். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்பதைப் படத்திலிருந்து பிரிக்கக் கூடாது. பெயர் தெரிந்தால் பெயரோடு காட்ட வேண்டும். அருங்காட்சியக முற்றத்தில் 2015இல் எழுந்த நினைவுச்சின்னத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருப்பது இந்த வகையில் சரியான காரியம். படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. உறவினர் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லே முடிவாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் கடைப்பிடித்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. அந்தச் சுவரில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கெமர் ரூஜ் இயக்கத்தவரும் அவர்களின் குடும்பத்தினரும். கட்சி தன் ஆட்களையே சந்தேகித்துத் தின்றது. எஸ்-21இல் காவல் காத்தவர்களே சிலர் பின்னர் அதே நாற்காலியில் கைதிகளாக உட்கார்ந்தார்கள். இதை அறிந்ததும் பார்வையாளரின் மனம் தரம்பிரிக்கத் தொடங்கும். இவர் அப்பாவியா? இவர் கையிலும் இரத்தம் உண்டா? இவருக்காக வருந்தலாமா?

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். கைதி குற்றவாளி என்று நிறுவுவதே அந்தச் சிறையின் முழு வேலை. சி.ஐ.ஏ. உளவாளி, கே.ஜி.பி. கையாள், வியட்நாமின் ஆள் என்று எழுதி வாங்கும் வரை அடித்தார்கள். எழுதி வாங்கிய பிறகு கொன்றார்கள். குற்றவாளி என்றால் என்ன செய்தாலும் தகும் என்பதே அங்கே நிலவிய சட்டம். சுவரின் முன் நின்று அப்பாவிகளை மட்டும் பொறுக்கி எடுத்து இரங்குகிறவர், பதிலை மாற்றிக்கொண்டாலும் அந்தச் சிறையின் கேள்வியையே கேட்கிறார். சித்திரவதை செய்யப்படாமல் இருக்கும் உரிமை நல்லவர்களுக்கு வழங்கும் பரிசு அல்ல.

அப்படியானால் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒன்றாகிவிடுவார்களா? இதற்கு ஓவியர் வான் நாத்தின் வாழ்க்கை பதில் வைத்திருக்கிறது. எஸ்-21இல் அடைபட்டு, போல் பாட்டின் உருவத்தை வரையத் தெரிந்ததால் உயிரோடு விடப்பட்டவர் அவர். ரித்தி பான் 2003இல் எடுத்த ஆவணப்படத்தில் அவர் தம் பழைய காவலர்களை நேருக்கு நேர் சந்திக்கிறார். அவர்கள் மீது கை ஓங்கவில்லை, வசைபாடவில்லை. ஆனால் தாங்களும் பாதிக்கப்பட்டவர்களே என்று சொல்லி அவர்கள் ஒதுங்கிக்கொள்வதையும் அவர் ஏற்கவில்லை. செய்ததைச் சொல்லச் சொல்கிறார். மனிதனாக நடத்துவது வேறு, பொறுப்பிலிருந்து விடுவிப்பது வேறு. டூச்சுக்கும் வழக்கறிஞர் இருந்தார், மேல்முறையீடு இருந்தது. எஸ்-21 யாருக்கும் தராததை அவனுக்குத் தந்துதான் நீதி தன்னை நிறுவிக்கொண்டது.

ஆகவே அந்தப் படங்களைப் பார்ப்பது தவறில்லை. பார்த்ததற்கான கணக்கை வேறிடத்தில் தீர்க்க வேண்டியிருக்கிறது. காவலில் இருந்த ஒருவர் அடிபட்டுச் செத்தார் என்று செய்தி வரும்போது, நல்ல மனிதர்கள் வாயிலிருந்தும் முதலில் வருவது "அவன் என்ன செய்தான்?" என்பதுதான். துவோல் ஸ்லெங்கை உண்மையாகப் பார்த்தவர் அதற்கு முன் கேட்க வேண்டியது: "அவனை அடித்தது யார், எந்த அதிகாரத்தில்?"